மஸ்கட்டுக்குப் போகாதவர்

மோகனப்பிரியா சாயங்காலங்களில் ஜெர்மன் பேசிப் பழகுவாள். விருத்தாசலத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் அவளுக்கு நர்ஸ் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவாள். பேசுவதை செல்போனில் பதிந்து, அதையே போட்டுக் கேட்டு, தப்பைத் திருத்தி மறுபடி பேசுவாள். ஒரு வருஷமாக இந்தச் சத்தம் வீட்டுக்குப் பழகிவிட்டது. சமையலறையில் இருக்கும் கொளஞ்சியம்மாளுக்கே ஒன்றிரண்டு வார்த்தை வாயில் வந்துவிடும்.

அன்றைக்கு அவள் பேசிக்கொண்டிருந்தது கொஞ்சம் நீளமாக இருந்தது. நடுவில் விருத்தாசலம் என்ற பெயர் இரண்டு முறை வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த திருமாலுக்கு அது காதில் விழுந்தது.

"என்னம்மா, நம்ம ஊரு பேரெல்லாம் வருது?"

"பரீட்சையில சொந்த ஊரப் பத்தி மூணு நிமிஷம் பேசணும்ப்பா. ஏன் வெளிநாடு போறேன்னும் சொல்லணும்."

"எங்க, தமிழ்ல சொல்லு. கேப்போம்."

அவள் சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

"எங்க ஊரு ரொம்ப சின்ன ஊரு. எப்பப் பாத்தாலும் தூசி. வெயில்ல மனுஷன் இருக்க முடியாது. செராமிக் கம்பெனிங்க இருக்குது, ஆனா வேலை தெரிஞ்சவனுக்கு அங்க மரியாதை இல்ல. இங்க பொறந்தவங்க இங்கியே கெடந்து சாக வேண்டியதுதான். எங்கப்பா நல்ல வேலைக்காரர். அவருக்கு வெளிநாட்டுல வேலை கெடச்சுது. எங்கம்மாவுக்காகவும் எனக்காகவும் அவரு போவல. அவரு போவாம வுட்ட எடத்துக்கு நான் போவணும்னு ஆசப்படுறேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுத் திருமால் கிணற்றடிக்குப் போய்விட்டார். கால் கழுவத் தண்ணீர் இறைத்தவர், கழுவாமல் வாளியைப் பார்த்தபடி நின்றார். அவள் சொன்னதில் ஒரு வரிகூட அவளுடையது இல்லை. 'வெயில்ல மனுஷன் இருக்க முடியாது' என்பது கரண்ட் போகும்போதெல்லாம் அவர் சொல்வது. 'வேலை தெரிஞ்சவனுக்கு மரியாதை இல்ல' என்பது முதலாளியோடு முட்டிக்கொண்டு வரும் நாட்களில் சொல்வது. 'இங்கியே கெடந்து சாக வேண்டியதுதான்' என்பதற்குக் காரணமே வேண்டியதில்லை. குழம்பில் உப்பு கூடினாலும் அவர் அதைச் சொல்வார்.

திருமால் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைக்குப் பொறுப்பாக இருந்தார். பியூஸ் கட்டைகளும் இன்சுலேட்டர்களும் செய்யும் சின்னக் கம்பெனி. தீயின் நிறத்தைப் பார்த்தே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடுவார். தொண்ணூற்றொன்பதில், மஸ்கட்டில் வாஷ்பேசின் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்தபோது, விருத்தாசலத்திலிருந்து தேர்வானவர்கள் இரண்டே பேர். ஒருவர் திருமால். இன்னொருவர் நல்லூர் பழமலை. பழமலை போய் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தார். திருமால் விமான நிலையம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார்.

ஏன் திரும்பினார் என்பது சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் தெரிந்த கதை. அப்போது கொளஞ்சியம்மாள் ஏழு மாத கர்ப்பம். அவர் கிளம்பிப்போன அன்றைக்கே அவளுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அது அவருக்கு எப்படியோ மனசில் பட்டு, ஏற வேண்டிய விமானத்தை விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். கல்யாண வீடுகளில், காது குத்துகளில் கொளஞ்சியம்மாளே இதைச் சொல்வாள். "என்னாலதான் அவரு போவல. நான் இல்லன்னா இன்னிக்கு மாடி வூடு கட்டியிருப்பாரு" என்று சொல்லும்போது அவள் தலை தானாகக் குனிந்துவிடும்.

திருமால் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

*

பரீட்சையில் தேறி, சில மாதங்களில் ஜெர்மனிக்கு விசாவும் வந்துவிட்டது. கிளம்புவதற்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. திருமால் அந்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டார். இருபது வருஷமாக லீவே போடாத ஆள் போட்டதில் கம்பெனியில் எல்லாருக்கும் ஆச்சரியம்.

மகளை பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். பழமலைநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். மணிமுத்தாற்றில் அந்த வருஷம் தண்ணீர் ஓடியது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, "பாத்தியா, எவ்ளோ தண்ணி" என்றார். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது, "ரோடெல்லாம் இப்ப பரவால்ல, இல்ல? நம்ம ஊரு அப்படி ஒண்ணும் மோசமில்லம்மா" என்றார்.

மோகனப்பிரியா பின்னால் இருந்து அவர் தோளைத் தட்டினாள். "என்னப்பா திடீர்னு? நேத்து வரைக்கும் இந்த ஊரத் திட்டாம நீங்க சாப்பாட்டுல கைய வெச்சதில்ல."

"அது சும்மா பேசறதும்மா."

"எனக்குப் புரியுதுப்பா. என்னை அனுப்ப மனசு வரல, அதான் இப்படிப் பேசறீங்க."

இருபத்தைந்து வருஷம் சொன்னதை இரண்டு நாளில் மாற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்? தூசியும் வெயிலும் அவர் கற்பனை பண்ணியவை அல்ல. இருக்கத்தான் செய்தன. ஆனால் ஆற்றில் தண்ணீர் வருவதும், தெருவில் ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் நாலு வீட்டுக்காரர்கள் ஓடிவருவதும்கூட இருக்கத்தானே செய்தன? அதையெல்லாம் அவர் பிள்ளையிடம் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. அவள் இந்த ஊரை அவர் வாய் வழியாகத்தான் பார்த்து வளர்ந்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். உள்ளே அம்மாவும் மகளும் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"அப்பா ஒரு மாதிரியா இருக்காரும்மா. போவாதன்னு சொல்லிடுவாரோன்னு இருக்குது. நீயும் கண்ணக் கசக்கிட்டு நிக்காத. அப்பாவக் கட்டிப்போட்ட மாதிரி என்னையும் கட்டிப்போட்டுடாத."

பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கொளஞ்சியம்மாள் சொன்னாள்.

"இல்லம்மா. நீ போ. ஒருத்தரு வாழ்க்கையக் கெடுத்தவ நான். இன்னொரு தடவ அந்தப் பாவத்தப் பண்ணமாட்டேன்."

திருமால் கையில் சோப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நுரை காய்ந்து தோல் இழுத்தது. உள்ளே போய் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். துண்டைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசல் வரைக்கும் போனார். கொளஞ்சியம்மாள் திரும்பிப் பார்த்து, "இட்லி வெக்கட்டாங்க?" என்றாள். "வெய்யி" என்று சொல்லிவிட்டு, தின்றுவிட்டு, கம்பெனிக்குப் போய்விட்டார்.

அன்று சூளை முன்னால் நின்றிருந்தபோது தீ என்ன நிறத்தில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. கூட வேலை பார்க்கும் தங்கராசுதான் வந்து, "அண்ணே, போதும்ண்ணே, சூட்ட எறக்குங்க" என்று கையைப் பிடித்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கொளஞ்சியம்மாள் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மோகனப்பிரியா பெட்டியில் வைக்கவேண்டிய துணிகளைத் தரையில் பரப்பியிருந்தாள். திருமால் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. ஒண்ணு சொல்லணும்."

மகள், "போவாதன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா" என்றாள்.

"அதில்லம்மா. நான் ஒங்கம்மாவுக்காகத் திரும்பி வரல."

கொளஞ்சியம்மாள் கத்தரிக்காயோடு நிமிர்ந்தாள்.

"மீனம்பாக்கத்துல வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி பழமலை. லீவு முடிஞ்சி திரும்பிப் போற ஆளு ஒருத்தரு பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே வந்தாரு. ஒரு ரூமுல எட்டு பேரு, ரெண்டு வருஷத்துக்கு ஊருப் பக்கம் வர முடியாது, பாஸ்போர்ட்ட அவங்களே வாங்கி வெச்சிக்குவாங்கன்னாரு. பாத்ரூம் போயிட்டு வரேன்னு பழமலைகிட்ட சொல்லிட்டு வந்தேன். வந்தவன் அப்படியே வெளிய நடந்துட்டேன். எதிர்ல பஸ் ஸ்டாப்புல ஒக்காந்தேன். பயம், கொளஞ்சி. வேற ஒண்ணுமில்ல. ஒனக்கு வலி வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. மனசுலயும் படல, ஒண்ணும் படல. ரயில் ஏறி வூட்டுக்கு வந்தா வூடு பூட்டிக் கெடந்துச்சு. ஆஸ்பத்திரின்னு சொன்னாங்க. ஓடியாந்தேன். நீ என் கையப் புடிச்சிக்கிட்டு, 'எனக்காகவா வந்தீங்க'ன்னு கேட்ட."

அவர் நிறுத்தினார்.

"ஆமான்னு சொல்லிட்டேன்."

அவரே தொடர்ந்தார். "ஊருல எல்லாரும் கேட்டப்ப நீயே அதச் சொன்ன. எனக்கு வசதியா இருந்துச்சு. அப்புறம் பழமலை அங்கேர்ந்து பெட்டி பெட்டியா கொண்டாந்தப்ப எரிச்சலா வரும். பயந்து வந்தவன்னு எனக்கு நானே ஒத்துக்க முடியல. அதனாலதான் ஊரத் திட்டினேன். ஊரு மோசமா இருந்தாத்தான நான் பெருசா எதையோ வுட்டுட்டு வந்தவன் ஆவேன்? நெஜத்தச் சொல்லணும்னா, அன்னிக்கு ரயிலு நம்ம ஜங்ஷன்ல நின்னப்ப எனக்கு இருந்த சந்தோஷம் வாழ்க்கையில எப்பவும் இருந்ததில்ல."

மோகனப்பிரியா கையிலிருந்த ஸ்வெட்டரைக் கீழே போட்டாள். "அப்ப நான் யாருக்காகப்பா படிச்சேன்? எங்கப்பா எனக்காக வுட்டுட்டாரு, எனக்காக வுட்டுட்டாருன்னு அஞ்சாவது படிக்கும்போதே எனக்குள்ள ஓடிச்சே. நான் பொறக்காம இருந்திருந்தா அவரு போயிருப்பாருன்னு எத்தன நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"ஒங்களுக்கு எதுதான் தெரியும்?" அவள் எழுந்து தெருப் பக்கம் போய்விட்டாள்.

கொளஞ்சியம்மாள் மீதிக் கத்தரிக்காயையும் நறுக்கினாள். குழம்பு வைத்தாள். அவருக்கு எப்போதும் போலச் சோறு போட்டாள். எப்போதும் அவர் பக்கத்திலேயே நின்று என்ன வேண்டும் என்று பார்ப்பவள், அன்றைக்குப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

திங்கட்கிழமை அவர் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் மகள் மட்டும் இருந்தாள்.

"அம்மா பெரியம்மா வூட்டுக்குப் போயிடுச்சு" என்றாள். "காலையிலயே. எங்கிட்டதான் சொல்லிட்டுப் போச்சு."

பெரியம்மா என்பது வீராயி, கொளஞ்சியம்மாளின் அக்கா. சேத்தியாத்தோப்பில் இருந்தாள். இருபத்தைந்து வருஷத்தில் கொளஞ்சியம்மாள் அவரிடம் கேட்காமல் எங்கேயும் போனதில்லை. கேட்டுப் போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள்.

*

ஐந்து நாள் கழித்து அவர் சேத்தியாத்தோப்புக்குப் போனார். வீராயி வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்துவிட்டு, "பேசுங்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

கொளஞ்சியம்மாள் நெல் காயவைத்த இடத்திலிருந்து வந்தாள். காலெல்லாம் நெல் தூசி. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சிடு கொளஞ்சி."

"பயமா இருந்துச்சுன்னு வந்து சொல்லியிருந்தா நான் என்ன, வெரட்டியா அடிச்சிருப்பேன்?" என்று கேட்டாள். "எனக்கு இருபத்தஞ்சு வயசு. வயித்துல புள்ள. நீங்க போறீங்கன்னு நான் எத்தன நாளு அழுதேன். பயந்து வந்துட்டேன்னு சொல்லியிருந்தா சந்தோஷந்தான் பட்டிருப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கம்மா இந்த வூட்லதான் நாலு நாளு இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. அக்கா போன் மேல போன் போட்டா. நீங்க 'போயி இருந்துட்டு வா'ன்னுதான் சொன்னீங்க. நான் வந்துட்டு அன்னிக்குச் சாயங்காலமே திரும்பிட்டேன். ஏன் தெரியுமா? எனக்காக ஃபிளைட்டையே வுட்டவரு, அவர ஒரு வேளை சோத்துக்கு அலைய வுடக் கூடாதுன்னு. மறுநாளு காலையில செத்துப்போச்சு. வாயில பால் ஊத்தக்கூட நான் இல்ல."

அவள் அழவில்லை. அவருக்குத்தான் கண் கலங்கியது.

"பொய் சொன்னீங்க, சரி. நான் தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னத இருபத்தஞ்சு வருஷமாப் பாத்துக்கிட்டே இருந்தீங்களே. அதான் எனக்கு ஆறல."

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சில நாட்களில் அவள் தலை குனிவது அவருக்குப் பிடித்தும் இருந்தது. அதை அவளிடம் சொல்ல இன்னும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

"புள்ள கெளம்புற அன்னிக்கு வரேன்" என்றாள் அவள். "அப்புறம் என்னன்னு எனக்கே தெரியல. மோர் குடிச்சிட்டுக் கெளம்புங்க. ஆறு மணி பஸ்ஸு கூட்டமா இருக்கும்."

*

வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்த நாட்கள் சங்கடமானவை. அவர் சோறு வடிப்பார். அவள் குழம்பு வைப்பாள். இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிடுவார்கள். மோகனப்பிரியா லீவு நாட்களில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்வந்தாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. ஒருநாள் அவளாகவே சொன்னாள்.

"ஊரச் சுத்திப் பாத்துட்டு வரேன். நெஜமாவே எப்படி இருக்குதுன்னு."

"எப்படி இருக்குது?"

"தூசியாத்தான் இருக்குது." அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. "ஆனா நீங்க சொன்ன அளவுக்கு இல்ல. எங்க வார்டுல மல்லிகாக்கா இருக்காங்க, பத்து வருஷமா இங்கதான் நர்ஸா இருக்காங்க. எங்கியும் போவணும்னு அவங்களுக்குத் தோணவே இல்லியாம். அவங்க நல்லாத்தான் இருக்காங்க. நான் அவங்களப் பாவம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

திருமால் அடுப்பை அணைத்தார். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்டார். "அப்ப போவலியா?"

"போவேன். விசா வந்துடுச்சுன்னு இல்ல. ஒரு வருஷம் அந்த பாஷையப் படிச்சதுல எனக்கே ஆசை வந்துடுச்சு. அந்த ஊரு ஆஸ்பத்திரியில வேலை பாக்கணும், பனி பாக்கணும். அது ஒங்க ஆசை இல்ல, எனக்குத் தெரியும். யோசிச்சுப் பாத்துட்டேன்." பிறகு குரல் கொஞ்சம் தழைந்தது. "ஆனா பயமாவும் இருக்குதுப்பா."

அவர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க. எனக்கு அங்க புடிக்கலன்னா திரும்பி வந்துடுவேன். வந்தா, புடிக்கல, பயமா இருந்துச்சு, வந்துட்டேன்னு சொல்லுவேன். அப்பாவுக்காக வந்தேன், அம்மாவுக்காக வந்தேன்னு யாரு தலையிலயும் கட்டமாட்டேன்."

"சரிம்மா" என்றார்.

"யாராவது கேட்டா நீங்களும் அப்படியே சொல்லணும்."

"சொல்றேன்."

*

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் கொளஞ்சியம்மாள் வந்துவிட்டாள். மூன்று பேருமாகச் சென்னைக்குப் போனார்கள். காலை பத்து மணிக்கு விமானம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு, மோகனப்பிரியா இரண்டு பெட்டிகளையும் தள்ளிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தார்கள். போகுமுன் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவிடம், "மாத்திரைய மறக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒருமுறை திரும்பிக் கை காட்டினாள். பிறகு கூட்டத்தில் தெரியவில்லை.

திருமால் அங்கேயே நின்றார். அவள் எங்கே வரிசையை விட்டு வெளியே வந்துவிடுவாளோ என்று ஒரு நிமிஷமும், வந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று அடுத்த நிமிஷமும் அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அவள் வரவில்லை.

மத்தியான ரயிலில் திரும்பினார்கள். எதிர் சீட்டுக்காரர், "பொண்ணு வெளிநாடா? நல்லது. நம்ம பக்கம் என்ன இருக்குது, சொல்லுங்க" என்று பேச்சுக் கொடுத்தார். திருமாலுக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கொளஞ்சியம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் காது இந்தப் பக்கம்தான் இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

"எங்க ஊருல இருக்கலாங்க. நல்ல ஊருதான்" என்றார். "அவளுக்குப் போவணும்னு ஆசை, போறா."

விருத்தாசலத்தில் இறங்கி வெளியே வந்ததும் கொளஞ்சியம்மாள் நின்றாள்.

"நான் அக்கா வூட்டுக்குப் போறேன்" என்றாள். "அறுப்பு இருக்குது. மாசி மகத்துக்கு வரேன்."

மாசி மகத்துக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருந்தது. தனியாக எப்படி இருப்பேன், சோத்துக்கு என்ன பண்ணுவேன் என்ற கேள்விகள் அவருக்குள் வரிசையாக வந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. அவள் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்தார். சேத்தியாத்தோப்பு பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறி, ஜன்னலோரமாக ஒரு சீட் பிடித்து, பையை மேலே வைத்துவிட்டு இறங்கினார்.

கண்டக்டர் அவளிடம் வந்து, கீழே நிற்கும் அவரையும் பார்த்து, "ரெண்டா?" என்றார்.

"ஒண்ணுதான்" என்றாள் கொளஞ்சியம்மாள். பிறகு ஜன்னல் வழியாக அவரைப் பார்த்து, "அரிசி டிரம்முக்குப் பக்கத்துல பருப்பு இருக்குது" என்றாள்.

பஸ் திரும்பி ரோட்டில் ஏறும் வரைக்கும் அவர் அங்கே நின்றார். அப்புறம் வீட்டுக்கு நடந்தார்.